ரொசெட்டா, ரோஸ் செட்டா? பரிசுக்குக் குத்தும் ரிப்பன் பூவின் பெயர் எங்கிருந்து வந்தது?

ஷீல்டுகடை_மதுரை

வணக்கம் மக்களே. மதுரையில் ஷீல்டு, மெடல், பேட்ஜ், ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. போன வாரம் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டு சந்தேகத்துக்கு வருகிறேன்.

ஒருவர் போன் செய்தார். "சார், நாய்க் கண்காட்சி நடத்துறோம். முப்பது ரொசெட் வேணும். முதல் பரிசுக்குப் பத்து, ரெண்டாவதுக்குப் பத்து, மூணாவதுக்குப் பத்து." பின்னால் ஒரே குரைப்புச் சத்தம். என் காதில் விழுந்தது "ரோஸ் செட்". ஜெயித்த நாய்க்குப் பூ வைப்பார்கள் போல, பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் போய், செட்டுக்கு ஆறு வீதம் முப்பது செட் பிளாஸ்டிக் ரோஜா வாங்கி வந்துவிட்டேன். சிவப்பில் பத்து, நீலத்தில் பத்து, மஞ்சளில் பத்து. நீல ரோஜாவுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன்.

மறுநாள் அவர் வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் அனுப்பினார். பார்த்தால், அட, இது நம்ம மாநாட்டு பேட்ஜ்! நடுவில் வட்டமாக ஒரு அட்டை, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக சாட்டின் ரிப்பன், கீழே ரெண்டு வால். கல்யாணத்திலும் கட்சி மாநாட்டிலும் "வரவேற்புக் குழு" என்று எழுதிச் சட்டையில் குத்துவோமே, அதேதான். இருபது வருடமாகச் செய்து கொடுக்கிறேன், பெயர் தெரியாது.

கேள்வி இரண்டு. ரொசெட் என்றால் என்ன, எந்த ஊர்ச் சொல்? இரண்டாவது, பில்லில் தமிழில் எழுத ஏதாவது பெயர் இருக்கிறதா? கடைப் பலகை, பில் எல்லாம் தமிழில்தான் என்று வைத்திருக்கிறேன். இதில் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

காரசாரம்

முப்பது செட் பிளாஸ்டிக் ரோஜாவை என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெயரெல்லாம் எதற்கு? பேட்ஜ் என்று எழுதுங்கள். ஊருக்கே புரியும்.

புதுவைக்காரி

"ரோஸ் செட்" என்று காதில் விழுந்ததில் பாதி சரிதான் அண்ணா, அந்தச் சொல்லுக்குள் ரோஜா இருக்கிறது.

பிரெஞ்சில் ரோஸ் என்றால் ரோஜா. ஒரு சொல்லின் வாலில் "எத்" என்ற ஒட்டு வந்தால் "சின்ன" என்று அர்த்தம். சிகார் என்றால் சுருட்டு, அதில் சின்னது சிகரெட். காஸ் என்றால் பெட்டி, அதில் சின்னது கேசட். அதே கணக்கில் ரோஸ், ரொசெத். சின்ன ரோஜா, ரோஜாக்குட்டி. ரிப்பனை மடித்து மடித்து வட்டமாகச் சுற்றினால் அடுக்கு இதழ் மாதிரி தெரிகிறதல்லவா, அதனால் அந்தப் பெயர். இங்கிலீஷ்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரிப்பன் முடிச்சுக்கு இந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிறுத்தை உடம்பில் இருக்கும் வட்டப் புள்ளி, தரையோடு வட்டமாகப் படரும் இலை, கோயில் கூரையில் செதுக்கிய பூ வட்டம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இதே பெயர்தான். ஆக, இது உருவத்தின் பெயர். பரிசு, வெற்றி என்ற அர்த்தம் அதற்குள் கிடையாது.

ஆனால் நெஞ்சிலோ தொப்பியிலோ குத்தும் ரிப்பன் வட்டத்துக்கு இதைவிட மூத்த பெயர் ஒன்று உண்டு: கொகார்த். இங்கிலீஷில் காகேட். இதன் வேர் ரோஜா இல்லை, சேவல். கொக் என்றால் பிரெஞ்சில் சேவல். சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும் வீம்புக்காரனுக்கு கொகார் என்று பெயர். அந்த மாதிரி ஆள் தொப்பியில் செருகிக்கொள்ளும் அலங்காரம் கொகார்த். சேவல் கொண்டையை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

இதற்குப் பெரிய மவுசு வந்தது பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இல். ஜூலை 12ஆம் தேதி பாரிஸில் பலே ரொயால் தோட்டத்தில் கமிய் தெமுலேன் என்ற இளைஞர் மேசை மேல் ஏறி நின்று, ஆயுதம் எடுங்கள், நம் ஆட்களை அடையாளம் தெரிந்துகொள்ளத் தொப்பியில் ஏதாவது செருகிக்கொள்ளுங்கள் என்றார். ஜனங்கள் அங்கிருந்த மரத்து இலையைப் பறித்துச் செருகிக்கொண்டார்கள். பச்சை ஒரு நாள்கூட முழுசாக நிலைக்கவில்லை. அரசரின் தம்பி அர்த்துவா பிரபு வீட்டு நிறமும் பச்சையாம், யாருக்கும் அவரைப் பிடிக்காது. உடனே பாரிஸ் நகரத்து நிறமான நீலம், சிவப்புக்கு மாறினார்கள். 17ஆம் தேதி பதினாறாம் லூயி அரசரே நகர மன்றத்துக்கு வந்து, மேயர் பாய்யி நீட்டியதை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டார். நடுவில் அரசகுலத்து வெள்ளையைச் சேர்த்தது தளபதி லஃபாயெத் என்பார்கள். இன்றைய பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் முதலில் இந்த ரிப்பன் வட்டத்தில்தான் சேர்ந்தன. 1792 ஜூலையில் ஆண்கள் எல்லாரும் கட்டாயம் குத்த வேண்டும் என்று சட்டம், 1793 செப்டம்பரில் பெண்களுக்கும். குத்தாமல் வெளியே வந்தால் சிறை. உங்கள் வரவேற்புக் குழு பேட்ஜுக்கு இப்படி ஒரு பாட்டி இருந்தாள்!

ஷீல்டுகடை_மதுரை

அக்கா, நான் செய்து குவிக்கும் மாநாட்டு பேட்ஜுக்கு இவ்வளவு பெரிய வம்சாவளியா! சரி, ரொசெட்டா கல் என்று ஒன்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, எகிப்து எழுத்தைப் படிக்க உதவிய கல். அதுவும் சின்ன ரோஜாவா?

புதுவைக்காரி

இல்லை இல்லை. அது எகிப்தில் ரஷீத் என்ற ஊர். ஐரோப்பியர் வாயில் ரொசெட்டா ஆகிவிட்டது. ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

காரசாரம்

சென்னையில் ரிப்பன் மாளிகைக்கும் ரிப்பனுக்கும் உள்ள சொந்தம் மாதிரி. வைஸ்ராய் பெயர் ரிப்பன். சின்ன வயதில் அந்தக் கட்டடத்தைத் திறக்கும்போது பெரிய ரிப்பன் வெட்டியிருப்பார்கள், அதனால் அந்தப் பெயர் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பினோம்.

லண்டன்_பனங்காய்

நான் இங்கே வந்து இருபத்தைந்து வருசம். பொது வழக்கில் காகேட் என்ற சொல்லை யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. ரொசெட் என்பது மட்டும் காதில் விழாத கிழமை இல்லை. கோடை வந்தால் ஊருக்கு ஊர் ஒரு சின்னக் கொண்டாட்டம் வைப்பார்கள், அதில் நாய்ப் போட்டி கட்டாயம் இருக்கும். ஜாதி நாய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். "ஆகக் கூடுதலாக வால் ஆட்டும் நாய்" என்றுகூட ஒரு பிரிவு உண்டு. அதில் எங்கட வீட்டு நாய் நாலாம் இடம் வந்தது. பச்சை ரொசெட் ஒன்று தந்தார்கள். மகள் அதைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறாள், நாய் இப்ப உயிரோடு இல்லை.

நிறம் முக்கியம், கடைக்காரத் தம்பி கவனிக்க வேணும். பிரித்தானியாவில் முதலாம் இடத்துக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள், நாலாவதுக்குப் பச்சை. அமெரிக்காவில் முதலிடம் நீலம், சிவப்பு இரண்டாமிடம். உங்கட வாடிக்கையாளர் எந்த வழக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கோ. இல்லாவிட்டால் தோற்றவன் வென்றவன் பூவோடு வீட்டுக்குப் போவான்.

தேர்தலிலும் இதுதான். வேட்பாளர் எல்லாரும் கோட்டில் பெரிய ரொசெட் குத்திக்கொண்டுதான் வாக்கெண்ணும் மண்டபத்துக்கு வருவார்கள். தொழிற்கட்சி சிவப்பு, பழமைவாதக் கட்சி நீலம், லிபரல் டெமாக்ராட் மஞ்சள். சில தொகுதிகளைப் பற்றி, கழுதைக்குச் சிவப்பு ரொசெட் குத்தி நிறுத்தினாலும் வெல்லும் என்று ஒரு பேச்சு இருக்கு. உங்கட பக்கமும் இப்படிச் சொல்லுற ஆட்கள் இருப்பினம்தானே.

ஷீல்டுகடை_மதுரை

ஐயோ, நல்ல வேளை சொன்னீர்கள் அண்ணா. அவர் படத்தில் நீலத்தில் முதல் பரிசு என்று இருந்தது. வாய்ப் பேச்சில் "சிவப்பு, நீலம், மஞ்சள்" என்று வரிசையாகச் சொன்னார். படம் ஏதோ அமெரிக்கக் கடையிலிருந்து எடுத்ததாக இருக்கும். கேட்டுவிட்டுத்தான் வெட்டுவேன்.

லண்டன்_பனங்காய்

நீலத்துக்கு மவுசு வந்த வழியையும் சொல்லுறேன், ஏனென்றால் நீல ரிப்பன் என்பதே இங்கே தனிக் கதை. மூன்றாம் எட்வர்ட் அரசர் 1348இல் கார்ட்டர் என்ற வீரர் குழாம் ஒன்றை உண்டாக்கினார். இந்த நாட்டு வீரர் குழாம்களில் ஆக உயர்ந்தது அதுதான், நிறம் நீலம். பிரான்சில் மூன்றாம் ஆன்ரி 1578இல் தொடக்கிய பரிசுத்த ஆவிக் குழாமுக்கும் நீல ரிப்பன்தான். அந்த வீரர்களை "நீலக் கயிறு" என்றே கூப்பிட்டார்கள், கோர்தோன் ப்ளூ. பிறகு அந்தப் பெயர் எப்படியோ அடுப்படிக்கு வந்து, கைதேர்ந்த சமையற்காரருக்கு ஆகிவிட்டது.

1848இல் நடந்த ஒன்றை, பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலி எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நண்பர் ஜார்ஜ் பென்டிங்க் பிரபு அரசியலுக்காகத் தன் குதிரைகள் அத்தனையையும் விற்றுவிட்டார். விற்ற குதிரைகளில் ஒன்று, சர்ப்ளிஸ் என்று பெயர், அந்த வருசம் டார்பி பந்தயத்தை வென்றது. மறுநாள் பாராளுமன்ற நூலகத்தில் மனிதர் முனகிக்கொண்டு நிற்கிறார். வாழ்நாள் முழுக்க இதற்குத்தானே பாடுபட்டேன், டார்பி என்றால் என்னவென்று உமக்குத் தெரியாது என்கிறார். தெரியும், அது குதிரைப் பந்தயத்தின் நீல ரிப்பன் என்கிறார் டிஸ்ரேலி. அரசன் தரும் கௌரவத்துப் பெயரைக் குதிரைக்கு வைத்துக் கதைத்தபடியால்தான் அந்த வார்த்தை சுட்டது.

பழைய_பட்டாளம்

நான் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தவன். ரொசெட் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது நாய் இல்லை, ஒரு மிளகு அளவு வெள்ளிப் பூ.

முழு மெடலை எல்லா நாளும் அணிய மாட்டோம். சாதாரண நாளில் சட்டைப் பைக்கு மேலே ரிப்பன் பட்டை மட்டும்தான். இப்போது கேளுங்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் களத்தில் 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை இருந்தவர்களுக்கு 1914 ஸ்டார் என்று ஒரு பதக்கம். பின்னால் வந்தவர்களுக்கும் மற்றக் களத்தில் இருந்தவர்களுக்கும் 1914-15 ஸ்டார். இரண்டுக்கும் ஒரே ரிப்பன், சிவப்பு வெள்ளை நீலம். பட்டையை மட்டும் குத்திக்கொண்டு வந்தால் யார் எதற்கு வாங்கினார் என்று தெரியாது. அதனால், முதல் வகையில் எதிரி குண்டு எட்டும் தூரத்தில் நின்றவர்களுக்கு, மெடலில் ஒரு வெண்கலத் துண்டு. பட்டை மட்டும் அணியும்போது அதன் மேல் ஒரு சின்ன வெள்ளி ரொசெட். அந்த மிளகுப் பூதான் வித்தியாசம்.

நம் ஆட்களும் இதில் உண்டு. லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது, மீரட் டிவிஷன் அக்டோபரில். குளிருக்கான உடுப்பு சரியாக இல்லாமலே சண்டைக்குள் போனார்கள். பழைய படத்தில் இந்திய சிப்பாயின் நெஞ்சுப் பட்டையில் அந்த வெள்ளிப் பூ தெரிந்தால், முதல் குளிர்காலத்துக்கு முன்பே சண்டையைப் பார்த்தவர் என்று படிக்கலாம்.

தொப்பிப் பூவும் பட்டாளத்துச் சமாசாரம்தான். 1775 ஜூலையில் ஜார்ஜ் வாஷிங்டன் படையில் சீருடையே கிடையாது. அதிகாரி யார், சிப்பாய் யார் என்று தெரியாமல் குழப்பம். மேல்நிலை அதிகாரிகளுக்குச் சிவப்பு அல்லது ரோஸ் நிறம், கேப்டனுக்கு மஞ்சள், அவருக்குக் கீழே பச்சை என்று தொப்பியில் ரிப்பன் செருகச் சொல்லி ஆணை போட்டார். ஒரு முழ ரிப்பனில் வேலை முடிந்தது.

புதுவைக்காரி

ஐயா சொன்னதோடு ஒன்று. போர் விமானத்தின் இறக்கையில் வட்டத்துக்குள் வட்டமாக வண்ணம் தீட்டியிருப்பார்களே, அதைப் பிரெஞ்சில் இன்றும் கொகார்த் என்றுதான் சொல்கிறார்கள். தொப்பியில் இருந்த ரிப்பன் வட்டத்தைத்தான் விமானத்தில் வரைந்தார்கள். இங்கிலாந்து அதைப் பார்த்து நிறத்தைத் திருப்பிப் போட்டது. நம் விமானப்படையின் வட்டமும் அதே வழியில் வந்ததுதான், வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை.

திண்ணைப்பேச்சு

குறுக்கே வருகிறேன். பிரான்சில் லெஜியன் ஆஃப் ஹானர் விருதுக்கு ரொசெட் தானே கொடுப்பார்கள்? நம்ம சிவாஜிக்குக் கொடுத்தார்களே, செவாலியே.

புதுவைக்காரி

இரண்டு திருத்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிவாஜி கணேசனுக்கு 1995இல் கிடைத்த செவாலியே வேறு விருது. அது கலை, இலக்கியத்துக்கான பிரெஞ்சு விருது, 1957இல் தொடங்கியது, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ரிப்பன். பிறகு கமலுக்கும் அதே விருதுதான். லெஜியன் ஆஃப் ஹானர் என்பது நெப்போலியன் 1802இல் தொடங்கிய சிவப்பு ரிப்பன். சத்யஜித் ராய்க்குக் கிடைத்தது அது.

இரண்டாவது, செவாலியே என்பது இரண்டிலுமே முதல் படி. அதற்கு ரொசெட் கிடையாது, சாதா ரிப்பன். அதற்கு மேல் படியான ஒஃபிசியேவிலிருந்துதான் ரிப்பன் மேல் ரொசெட் வரும். லெஜியனில் மொத்தம் ஐந்து படி. கோட்டுப் பொத்தான் ஓட்டையில் செவாலியே ஒரு சிவப்பு நூல் மட்டும் வைப்பார், ஒஃபிசியே சட்டைப் பொத்தான் அளவு சிவப்பு வட்டம். அதற்கு மேலே போனால் அந்த வட்டத்துக்குக் கீழே வெள்ளி, பாதி வெள்ளி பாதி தங்கம், முழுத் தங்கம் என்று சிறகு மாதிரி சேரும்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைப்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், நாங்கள் சொல்தா என்போம், மெடலைத் துடைத்துக் குத்திக்கொண்டு வருவார்கள். எங்கள் தெரு சொல்தா தாத்தா ஒருவர் கூட்டத்தில் யாருடைய பொத்தான் ஓட்டையில் நூல், யாருடையதில் வட்டம் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்லுவார். நூலுக்கு ஒரு குனிவு, வட்டத்துக்கு இன்னும் கொஞ்சம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. செவாலியே என்றால் குதிரை வீரர். ஆனால் பிரான்சில் குதிரைப் போட்டியில் ஜெயித்தால் கொடுக்கும் ரிப்பனை ரொசெத் என்று சொல்ல மாட்டார்கள், ஃப்ளோ என்பார்கள். இத்தாலியில் அதே பரிசுக்குக் கொக்கார்தா, பழைய சேவல் பெயர்.

திண்ணைப்பேச்சு

கோபமெல்லாம் இல்லை. முப்பது வருடமாக எல்லாரிடமும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சொல்வேட்டை

கடைக்காரத் தம்பியின் இரண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். தமிழில் என்ன பெயர்?

நம்மிடம் ரிப்பனும் விருதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பட்டம். இன்றைக்குப் பட்டம் என்றால் பி.ஏ., எம்.ஏ., அல்லது ஆடியில் பறக்கவிடுவது. ஆனால் பட்டம் என்பது முதலில் ஒரு பட்டைதான், நெற்றியில் கட்டும் துணி அல்லது பொன் தகடு. "பட்டம் கட்டினார்கள்" என்கிறோமே, ஏன் "கட்டு"? கட்டக்கூடிய பொருளாக இருந்ததால்தான். யானைக்கு நெற்றிப்பட்டம் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து பொண்ணு மாப்பிள்ளை நெற்றியில் தங்கரேக்குப் பட்டம் கட்டுவார், நூல் இறுக்கமாக இருந்தால் பொண்ணு முறைக்கும். துணிப்பட்டை போய் அந்தஸ்து நின்றுவிட்டது. பிரெஞ்சு ரொசெட் உருவத்தின் பெயராகவே இருந்துவிட்டது, நம் பட்டம் பொருளை விட்டுவிட்டுக் கௌரவத்தின் பெயராக ஏறிவிட்டது.

பரிவட்டமும் அப்படித்தான். வெறும் துணிதான், சாமிக்குச் சாத்தியது. அதைத் தலையில் சுற்றினால் முதல் மரியாதை. அதற்காக ஊரே இரண்டுபட்ட கதைகள் உங்களுக்கும் தெரியும்.

இன்னும் நெருக்கமாக ஒன்று சொல்லட்டுமா? எட்டிப் பூ. பழங்காலத்தில் வணிகருக்கு அரசன் தந்த பட்டம் எட்டி. அதை எப்படிக் கொடுத்தான்? பூவாக. மணிமேகலையில் தருமதத்தன் என்ற வணிகன் ஊரைவிட்டு மதுரைக்கு வந்து, அறுபது வயது வரை உழைத்துப் பொருள் சேர்த்து "எட்டிப் பூ" பெற்றவன் என்று வருகிறது. உங்கள் மதுரைதான் தம்பி! பாணருக்குப் பொன்னால் செய்த தாமரை. புறநானூற்றின் 12ஆம் பாட்டு பாண்டியன் முதுகுடுமியைப் பாடும்போது "பாணர் தாமரை மலையவும்" என்றுதான் தொடங்குகிறது. அங்கே சின்ன ரோஜா, இங்கே பொன் தாமரை. வென்றவருக்குப் பூ என்பது நமக்குப் புதுசே இல்லை. என் சிபாரிசு, எட்டிப்பூ என்றே பில்லில் போடுங்கள்.

காரசாரம்

ஐயா, எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று ஊரே சொல்லும். எட்டிக்காய் விஷம். ஜெயித்த நாயின் கழுத்தில் எட்டிப்பூ என்று எழுதித் தொங்கவிட்டால் நாய்க்காரர் சண்டைக்கு வருவார். வாக்கு சுத்தமாக இருக்க வேண்டாமா?

சொல்வேட்டை

அந்த எட்டி மரம் வேறு, இந்த எட்டி பட்டம் வேறு.

காரசாரம்

உங்களுக்குத் தெரியும். பில்லைப் படிக்கிறவருக்கு? ஒவ்வொரு பில்லோடும் உரையாசிரியரைக் கூட அனுப்ப முடியுமா? பட்டம் என்று போட்டாலும் வம்புதான், "முப்பது பட்டம்" என்று படித்துவிட்டு மாஞ்சா நூல் எங்கே என்பார்கள். அதுவும் வடமொழி "பட்ட" என்று ஒரு கூட்டம் கிளம்பும். ரொசெட் என்றே தமிழில் எழுதுங்கள். பேட்ஜும் ஷீல்டும் மெடலும் அப்படித்தானே கடைக்குள் வந்தன?

பழைய_பட்டாளம்

வாகை என்று வைக்கலாமே. வாகை சூடினார் என்று இன்றும் பேப்பரில் போடுகிறார்கள். வாகைப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? இதழே தெரியாது, மெல்லிய நூல் நூலாகக் குஞ்சம் மாதிரி விரிந்து நிற்கும். எனக்கு அது சட்டையில் குத்தின ரிப்பன் மாதிரியே படும்.

லண்டன்_பனங்காய்

வாகை வடிவான சொல்தான் ஐயா. ஆனால் அது வென்றவனுக்கு மட்டும். எங்கட நாய் வால் ஆட்டி நாலாம் இடம் வந்ததற்கு வாகை என்றால் நாய்க்கே கூச்சமாக இருக்கும். இங்கே கலந்துகொண்டதற்கும் ஒரு ரொசெட் தருவார்கள். வரவேற்புக் குழுக்காரன் எதை வென்றான்?

சொல்வேட்டை

அது நியாயம். ஜெயித்தவன், தோற்றவன், வேட்பாளர், பந்தி கவனிக்கிறவர் எல்லாருக்கும் பொதுவான பொருள் என்றால் உருவத்தை வைத்துத்தான் பெயர் வர வேண்டும். எட்டிப்பூவை வாபஸ் வாங்குகிறேன். அரை மனதோடு.

ஷீல்டுகடை_மதுரை

எல்லாருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்தது. சிவப்புதான் முதலிடம் என்று உறுதி செய்துவிட்டார்.

பெயர் விஷயம் வேறு மாதிரி முடிந்தது. எங்கள் கடைக்கு ரிப்பன் வேலை செய்து தருவது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், ஜாக்கெட் தைப்பவர். எப்போதும் ஒரு அடுக்குதான் வைப்போம், இது ரெண்டு அடுக்கு. மாதிரிப் படத்தைக் காட்டி ரொசெட், பிரெஞ்சு, சின்ன ரோஜா, சேவல் என்று நீங்கள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கொசுவம் வச்ச பூ, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார்.

பிறகு தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தார். ஒரு அங்குல சாட்டின் ரிப்பன். சேலைக்குக் கொசுவம் எடுக்கிற மாதிரியே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மடித்து மடித்து, மடிப்பின் அடியில் மட்டும் ஊசி ஓட்டி, நூலை ஒரு இழு இழுத்தார். நேராக இருந்த ரிப்பன் சுருண்டு வட்டமாக நின்றது. அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு வட்டம், அதன் மேல் இதை வைத்து ஒட்டு. நடுவில் நான் அச்சடித்த அட்டை, பின்னால் ரெண்டு வால், ஒரு ஊக்கு. வாலின் நுனியை மீன் வால் மாதிரி வெட்டி மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினார், நூல் பிரியாதாம். ஒன்றுக்கு ஏழு நிமிடம்.

பில்லில் "கொசுவப்பூ, 30 எண்ணம்" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்க வந்தவர் ஒரு தடவை படித்தார், டப்பாவைத் திறந்து பார்த்தார், காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

சொல்வேட்டை

கொசுவப்பூ! முதல் பதிவிலேயே அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் நான் மணிமேகலையைப் புரட்டியிருக்க வேண்டியதில்லை.

புதுவைக்காரி

ரொசெத்தைவிட இது நன்றாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் முடிந்த பிறகு தெரிந்த பூவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அந்த அக்கா மடிக்கிற கையைப் பார்த்து வைத்திருக்கிறார்.

காரசாரம்

ஒத்துக்கொள்கிறேன். அது கிடக்கட்டும், என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பிளாஸ்டிக் ரோஜா?

ஷீல்டுகடை_மதுரை

சிவப்பும் மஞ்சளும் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் எடுத்துக்கொண்டார். நீல ரோஜா பத்து செட் கடையில் அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், அசல் விலைக்கே தருகிறேன்.